கீழ்த்தளத்தில் ஒரு நினைவகம்

புதிய கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "செயலி எவ்வளவு வேகம்?" என்றுதான். விடை பெட்டியின் மேலேயே இருக்கும்: 5.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 520 கோடி துடிப்புகள். செயலியை வடிவமைப்பவர்களோ வேறொரு கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த 520 கோடித் துடிப்புகளில் எத்தனை வீணாகின்றன? கூட்டலும் பெருக்கலும் அவர்களுக்கு எப்போதோ கைவந்துவிட்டன. கூட்ட வேண்டிய எண் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் அவர்களை ஆட்டிப்படைக்கிறது. எண் வரும்வரை, எவ்வளவு வேகமான செயலியும் சும்மாதான் நிற்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க மனிதர்கள் செய்திருக்கும் வேலைகளைப் பார்த்தால், கணக்குப் போடும் பகுதியே இரண்டாம்பட்சமாகத் தோன்றும்.

அந்த வேலைகளில் ஆகத் துணிச்சலான ஒன்று, ஏஎம்டி நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி என்ற மேசைக் கணினிச் செயலியில் இருக்கிறது. கையில் எடுத்தால் 4 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சதுரம். மேலே நிக்கல் முலாம் பூசிய செம்பு மூடி. மூடியின் ஓரங்களில் பற்கள் போல வெட்டு விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்குகளில் மணல்பருக்கை அளவுள்ள மின்தேக்கிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கவிழ்த்தால் 1718 தங்க முலாம் பூசிய புள்ளிகள் பளபளக்கும். ஒரு மூலையில் சின்ன முக்கோணக் குறி, மதர்போர்டில் எந்தப் பக்கமாக வைப்பது என்று காட்டுவதற்கு. மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் இரண்டு சிலிக்கான் சில்லுகள் தெரியும். பெரியது 122 சதுர மில்லிமீட்டர். நினைவகம், யுஎஸ்பி, கிராபிக்ஸ் அட்டை என வெளியுலகத்தோடு பேசுவது அதன் வேலை. சிறியது விரல்நகத்தில் அடங்கிவிடும், 70.6 சதுர மில்லிமீட்டர்தான். கணக்குப் போடும் எட்டுக் கோர்களும் அதில்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் அதன் அடியில் மூன்றாவது சில்லு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதுதான் நம் கட்டுரையின் நாயகன்.

முதலில் அந்த விரல்நக அளவுச் சில்லைப் பார்ப்போம். அதில் 831 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. மின்சாரத்தை விடுவதும் தடுப்பதுமாகச் செயல்படும் நுண்ணிய சுவிட்சுகள் இவை. உலக மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கலாம். இன்டெல் நிறுவனம் 1971-இல் வெளியிட்ட முதல் நுண்செயலியான 4004-இல் இருந்தவை 2300. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எண்ணிக்கை முப்பத்தாறு லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. இன்று ஒரு சதுர மில்லிமீட்டரில், அதாவது ஒரு கடுகின் நிழல் விழும் பரப்பில், ஏறத்தாழ 12 கோடி டிரான்சிஸ்டர்கள்.

இவ்வளவு நுணுக்கத்தைச் செதுக்கச் சாதாரண ஒளி போதாது. அலைநீளம் 13.5 நானோமீட்டர் கொண்ட தீவிரப் புறஊதா ஒளி வேண்டும். அதை உண்டாக்கும் முறையை முதன்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். உருகிய வெள்ளீயத்தின் துளிகள், ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிப்பைவிடச் சிறியவை, நொடிக்கு 50,000 வீதம் வெற்றிடத்தில் பாய்கின்றன. பறந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை தாக்குகிறது. முதல் அடியில் துளி தட்டையாகிறது. இரண்டாம் அடியில் லட்சக்கணக்கான டிகிரி வெப்பம் கொண்ட பிளாஸ்மாவாக வெடித்து, தேவையான ஒளியைக் கக்குகிறது. காற்று இந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் எல்லாமே வெற்றிடத்தில் நடக்க வேண்டும். கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடும் என்பதால் ஆடிகளால் மட்டுமே ஒளியைத் திருப்ப வேண்டும். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் தவிர இந்த இயந்திரத்தைச் செய்து விற்பவர்கள் உலகில் வேறு யாரும் இல்லை. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் அதை வைத்து ஏஎம்டிக்குச் சில்லு செய்து கொடுக்கிறது. இந்தத் தயாரிப்பு முறையை 4 நானோமீட்டர் என்று அழைக்கிறார்கள். அது வெறும் பெயர்தான். சில்லின் உள்ளே 4 நானோமீட்டர் அளவுள்ள பாகம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அடுத்தடுத்த டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான தூரமே ஏறத்தாழ 50 நானோமீட்டர்.

இனி காத்திருப்புக்கு வருவோம். 5 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஒரு துடிப்பு என்பது நொடியில் 500 கோடியில் ஒரு பங்கு. அதை நம் மனம் பிடிக்காது. எனவே காலத்தை நீட்டிப் பார்ப்போம். ஒரு துடிப்பை ஒரு முழு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களைக் கூட்டச் செயலிக்கு ஒரு நொடி போதும். கூட்ட வேண்டிய எண் ரேம் நினைவகத்தில் இருந்தால், அது வந்து சேர ஆறேழு நிமிடம் ஆகும். எஸ்எஸ்டியில் இருந்தால் மூன்று நான்கு நாள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் ஒன்றரை ஆண்டு. ஒரு நொடி வேலைக்கு ஏழு நிமிடக் காத்திருப்பு. எந்த வேகமும் இதற்கு முன்னால் அர்த்தமிழந்துவிடுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் செயலி நொடிக்கு 47 லட்சத்துச் சொச்சம் துடித்தது. அன்றைய நினைவகம் அதற்கு ஈடுகொடுத்தது. அதன்பின் செயலியின் துடிப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் விரைந்துவிட, ரேமிடம் கேட்டால் பதில் வர ஆகும் நேரமோ சில மடங்குதான் குறைந்தது. ரேமின் கொள்ளளவு பெருகியது, ஒரே நேரத்தில் அள்ளித் தரும் அளவும் பெருகியது. முதல் பைட் வந்து சேரும் நேரம் மட்டும் அசைய மறுத்தது.

அதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. ரேமில் ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் சேர்ந்திருக்கும் துளி மின்னூட்டம். அது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பல முறை ஒவ்வொரு பிட்டையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். படிக்கும் செயலே மின்னூட்டத்தைக் கலைத்துவிடும், படித்ததும் மறுபடி எழுத வேண்டும். அத்துளி மின்னூட்டம் நீண்ட கம்பியில் உண்டாக்கும் சின்னஞ்சிறு அசைவை உணர்ந்து, பெருக்கி, 0 என்றோ 1 என்றோ முடிவு கட்டுவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. தூரமும் சேர்ந்துகொள்கிறது. 5.2 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்குள் ஒளி வெற்றிடத்திலேயே 6 சென்டிமீட்டரைத் தாண்டாது. செயலியிலிருந்து ரேம் அட்டை அதைவிடத் தள்ளி இருக்கிறது. ஐன்ஸ்டீனின் வேக வரம்பு மதர்போர்டில் நேரடியாகக் குறுக்கிடுகிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் செய்தி.

இதற்கு மருந்து சொன்னவர் பிரிட்டனின் மாரிஸ் வில்க்ஸ். 1965-இல் எழுதிய சிறிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், பெரிய மெதுவான நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே சின்னதாக, வேகமாக ஒரு நினைவகத்தை வைத்து, அடிக்கடி தேவைப்படுவதன் நகலை அதில் போட்டுவைக்கலாம் என்றார். மூன்றே ஆண்டில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 என்ற பெருங்கணினியில் அது இடம்பெற்றது. 16 கிலோபைட். இதைத்தான் இன்று கேஷ் என்கிறோம். தமிழில் பதுக்கு நினைவகம் என்று சொல்லலாம்.

இந்தச் சின்னப் பதுக்கல் ஏன் பலிக்க வேண்டும்? ரேமில் பல நூறு கோடி பைட்டுகள் இருக்கையில், செயலி அடுத்து எதைக் கேட்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் நிரல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்போது தொட்டதைச் சற்று நேரத்தில் மறுபடி தொடும். தொட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையும் தொடும். அதனால் ஒரு பைட் கேட்டாலும் கேஷ் 64 பைட்டுகளைச் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றுக்கு இடம் வேண்டுமானால், நெடுநேரம் தொடப்படாமல் கிடப்பதை வெளியே தள்ளும். இவ்வளவு எளிய இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு, பெரும்பாலான நிரல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குக் கேஷே பதில் சொல்லிவிடுகிறது.

9800எக்ஸ்3டியில் கேஷ் மூன்று படிகளாக இருக்கிறது. ஒவ்வொரு கோருக்குள்ளும் தரவுக்கென 48 கிலோபைட். நம் நீட்டிய கணக்கில் நான்கு நொடியில் பதில் வரும். ஒரு கோரின் இந்த மிகச் சிறிய சேமிப்பே, அடிப்படை ஐபிஎம் பிசியின் மொத்த நினைவகத்தைப் போல மூன்று மடங்கு. அடுத்து, கோருக்கு ஒரு மெகாபைட் வீதம் இரண்டாம் படி. அதற்குப் பதினான்கு நொடி. மூன்றாம் படி எட்டுக் கோர்களுக்கும் பொது. அதற்கு ஏறக்குறைய ஐம்பது நொடி. ஏஎம்டி இந்த மூன்றாம் படியை ஒரு தனி உத்தியோடு நடத்துகிறது. ரேமிலிருந்து வருவது நேராக இங்கே வந்து தங்குவதில்லை. இரண்டாம் படியில் இடமில்லாமல் வெளியேற்றப்பட்டவைதான் இங்கே குடியேறுகின்றன. ஒருமுறை தேவைப்பட்டது மறுபடி தேவைப்படலாம் என்ற அதே நம்பிக்கைதான் இங்கும்.

கேஷ் மட்டுமே ஆயுதமல்ல. காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையைப் பார் என்பது இன்னொன்று. 1967-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டொமசூலோ வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது இது. எழுதிய வரிசையில்தான் கட்டளைகளைச் செய்ய வேண்டும் என்பதில்லை. எந்தக் கட்டளைக்கு வேண்டிய எண்கள் கைக்கு வந்துவிட்டனவோ அதை முதலில் செய், கடைசியில் வரிசைப்படி கணக்கை ஒப்படை. ஜென் 5 என்று பெயரிடப்பட்ட இந்தத் தலைமுறைக் கோர் ஒரே நேரத்தில் 448 கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எது தயார் எது தயாரில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எட்டுக் கட்டளைகள் வரை உள்ளே அனுப்புகிறது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. நிரல்களில் சில வரிகளுக்கு ஒன்று வீதம் "இப்படியானால் இந்த வழி, இல்லையென்றால் அந்த வழி" என்று ஒரு கிளை வரும். 448 கட்டளை தூரம் முன்னோக்கிப் போக வேண்டுமானால், விடை தெரியும் முன்பே பல பத்துக் கிளைகளைத் தாண்ட வேண்டும். எனவே செயலி ஊகிக்கிறது. கிளை ஊகிப்பான் என்ற பகுதி, கடந்த காலத்தில் இந்தக் கிளை எப்படித் திரும்பியது, அதற்கு முன் வந்த கிளைகள் எப்படித் திரும்பியிருந்தபோது இது எப்படித் திரும்பியது என்ற வரலாற்றையெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்த்ரே செஸ்னெக் 2006-இல் வெளியிட்ட ஊகமுறை இன்றும் இதற்கு முதுகெலும்பு. ஊகம் தப்பினால் செய்ததையெல்லாம் அழித்துவிட்டுக் கிளைக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் தப்புவதில்லை. அழித்த வேலையின் தடயம் மட்டும் கேஷில் மிச்சமாகிறது. அந்தத் தடயத்தை மோப்பம் பிடித்து ரகசியங்களைத் திருடலாம் என்று 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் கண்டுபிடிப்பு, செயலி செய்யும் எல்லா நிறுவனங்களையும் உலுக்கியது. தனிக்கதை அது.

சரி, கேஷ் இவ்வளவு உதவுமானால் அதையே தாராளமாகப் பெரிதாக்கிவிட வேண்டியதுதானே? மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன.

கேஷின் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவை. நான்கு டிரான்சிஸ்டர்கள் இரு சோடிகளாக ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்ளும், மீதி இரண்டு வாசல் காக்கும். மின்னூட்டம் ஒழுகாது, படித்தால் கலையாது, அதனால்தான் வேகம். ஆனால் 64 மெகாபைட் வேண்டுமானால் 53.7 கோடி பிட்டுகள், 322 கோடி டிரான்சிஸ்டர்கள். எட்டுக் கோர் கொண்ட சில்லின் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டாவது தடை தூரம். பரப்பு பெருகப் பெருக மூலையில் இருக்கும் பிட்டை எட்டக் கம்பி நீள வேண்டும். சில்லின் மெல்லிய செம்புக் கம்பியில் சமிக்ஞை ஒளியின் வேகத்தை நெருங்குவதே இல்லை. கேஷைப் பெரிதாக்கினால் கேஷே மெதுவாகிவிடும்.

மூன்றாவது தடைதான் சமீபத்தியது. கணக்குப் போடும் சுற்றுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்குகின்றன. கேஷின் பிட் சுருங்க மறுக்கிறது. டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் முறையில் ஒரு பிட் எடுத்துக்கொண்ட இடம் 0.021 சதுர மைக்ரோமீட்டர். அடுத்த தலைமுறையான 3 நானோமீட்டர் முறையின் பரவலான வகையிலும் அதே 0.021. புதிய முறையில் ஒரு சிலிக்கான் வட்டைச் செய்ய அதிகப் பணம் கொடுத்தும், கேஷுக்கு இம்மியளவு இடம்கூட மிச்சமாவதில்லை. விலையுயர்ந்த மண்ணில் கேஷைப் பரப்புவது வீண்செலவு என்றாகிவிட்டது.

இதற்கான விடையின் முதல் பாதியை ஏஎம்டி 2019-இலேயே மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஒரே பெரிய சில்லாகச் செய்யாமல், சிறு சில்லுகளாகச் செய்து ஒரே பலகையில் பொருத்துவது. சிலிக்கான் வட்டில் எங்கேனும் ஒரு பழுது விழுந்தே தீரும். எடுத்துக்காட்டாக, பத்துச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பழுது என்று வையுங்கள். 600 சதுர மில்லிமீட்டர் அளவில் பெரிய சில்லுகளாக வெட்டினால் நூற்றுக்கு 55 தேறும். 70 சதுர மில்லிமீட்டராக வெட்டினால் 93 தேறும். தேறாதவையிலும் ஒன்றிரண்டு கோர் மட்டும் பழுதென்றால், அவற்றை அணைத்துவிட்டு ஆறு கோர் செயலியாகக் குறைந்த விலைக்கு விற்கலாம். ரைசன் 5 9600எக்ஸில் இருப்பது எட்டுக் கோர் சில்லில் ஆறு மட்டும் இயங்கும் வகை. வெளியுலகத்தோடு பேசும் பகுதி சுருங்குவதால் பெரிய லாபமில்லை என்பதால் அதை மலிவான 6 நானோமீட்டர் முறையில் தனியே செய்துகொள்கிறார்கள். எந்தப் பகுதிக்கு எந்தத் தொழில்நுட்பம் போதும் என்று பிரித்துப் பார்த்த இந்த விவேகம் இல்லாமல் அடுத்த பாதி நடந்திருக்காது.

அடுத்த பாதி, பக்கவாட்டில் இடமில்லை என்றால் செங்குத்தாகப் போவது. 2021 ஜூனில் இணையவழி நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி உரையில் ஏஎம்டி தலைவர் லிசா சூ மூடியில்லாத செயலி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு சில்லின் நடுவில் 6 மில்லிமீட்டர் சதுரமாக இன்னொரு சில்லு ஒட்டியிருந்தது. அதில் 64 மெகாபைட் கேஷ். அடியில் ஏற்கெனவே இருக்கும் 32 மெகாபைட்டோடு சேர்ந்து மொத்தம் 96. விண்டோஸ் 95 இயங்குதளம் வந்த காலத்தில் அதை நிறுவ 50 முதல் 55 மெகாபைட் வட்டு இடம் கேட்பார்கள். இந்தக் கேஷுக்குள்ளேயே அது முழுதாகக் குடியேறிவிடும். 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 3டி வி-கேஷ் என்று அந்த அடுக்குக்குப் பெயர்.

சில்லின் மேல் சில்லை ஒட்டுவது எப்படி? வழக்கமாகச் சில்லைப் பலகையில் பொருத்த, ஈயப்பற்று வைப்பதுபோல் நுண்ணிய உலோகக் குமிழ்களை வைத்து உருக்கி இணைப்பார்கள். குமிழுக்குக் குமிழ் ஏறத்தாழ 130 மைக்ரோமீட்டர் இடைவெளி தேவை. இங்கே குமிழே கிடையாது. இரண்டு சில்லுகளின் முகங்களையும் அணு அளவில் மேடுபள்ளம் எண்ணும் வழவழப்புக்கு மெருகேற்றுகிறார்கள். முகத்தில் பெரும்பகுதி சிலிக்கான் ஆக்சைடு, இடையிடையே செம்புப் புள்ளிகள். செம்பு மட்டும் இம்மி பள்ளமாக இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்ததும் ஆக்சைடும் ஆக்சைடும் அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்கின்றன, பசை எதுவும் வேண்டாம். பிறகு சூடேற்றுகிறார்கள். சூட்டில் ஆக்சைடைவிடச் செம்பு அதிகம் விரிவடையும். பள்ளத்தில் இருந்த இரு செம்புகளும் விரிந்து முட்டி, ஒரே செம்பாக இணைந்துவிடுகின்றன. கலப்புப் பிணைப்பு என்று இதைச் சொல்லலாம். வெப்பத்தில் உலோகம் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் தண்டவாள இடைவெளியைக் காட்டிப் படித்த அதே பாடம், இங்கே நானோமீட்டர் கணக்கில் வேலை செய்கிறது. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 9 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஏழெட்டு இணைப்புகள். ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல், அதாவது குமிழ் முறையைப்போல் இருநூறு மடங்கு.

இத்தனை வாசல்கள் இருப்பதால் முதல் தலைமுறையிலேயே நொடிக்கு 2 டெராபைட் வரை பரிமாற முடிந்தது. அன்றைய ரேம் இணைப்பைப்போல் நாற்பது மடங்கு. அதைவிட எனக்கு வியப்பானது தாமதக் கணக்கு. மூன்றாம் படிக் கேஷ் மும்மடங்காகியும், பதில் வரும் நேரம் நான்கு துடிப்புகள்தான் கூடியது. அதே 64 மெகாபைட்டைப் பக்கவாட்டில் பரப்பியிருந்தால் சமிக்ஞை பல மில்லிமீட்டர் ஓடியிருக்க வேண்டும். செங்குத்தில் தூரம் மில்லிமீட்டரின் சின்னப் பின்னம். சில்லுகளை அவ்வளவு மெல்லியதாகத் தேய்த்துவிடுகிறார்கள். இரண்டு அடுக்கு சேர்ந்தும் பழைய ஒற்றைச் சில்லின் உயரமே வந்தது, பழைய மூடியே பொருந்தியது.

ஒரு குறை இருந்தது, வெப்பம். முதல் இரண்டு தலைமுறைகளில் கேஷ் சில்லு மேலே உட்கார்ந்திருந்தது. கோர்களுக்கு நேர் மேலே வெப்பம் கடத்த வெறும் சிலிக்கான் துண்டுகளை வைத்துச் சமன் செய்தார்கள். ஆனாலும் கோரின் சூடு குளிர்விப்பானை எட்ட ஒரு அடுக்கைக் கூடுதலாகத் தாண்ட வேண்டியிருந்தது. அதனால் வேகத்தைக் குறைத்தார்கள். சாதாரண 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 5800எக்ஸ்3டி 4.5-ஐத் தாண்டாது. மே மாதத்து மதுரையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இது இன்னும் கடினம். காற்றாடி எவ்வளவு சுழன்றாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. 90 டிகிரி வரம்பு வைத்த செயலிக்கு 40 டிகிரி அறையில் கிடைப்பது 50 டிகிரி இடைவெளிதான்.

2024-இல் பொறியாளர்கள் அடுக்கைத் தலைகீழாக்கினார்கள். கேஷ் கீழே, கோர்கள் மேலே. இப்போது கோர்களின் முதுகு நேராக மூடியைத் தொடுகிறது. ஒரு வரியில் சொல்லிவிடலாம், செய்வது பெரும்பாடு. கோர்களுக்கு வேண்டிய மின்சாரம் கீழிருந்துதான் வருகிறது. இனி அது கேஷ் சில்லைத் துளைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். கொஞ்சநஞ்ச மின்சாரமும் அல்ல. செயலி 1 வோல்ட்டுக்குச் சற்று மேல் அழுத்தத்தில் 120 வாட் இழுக்கையில் மின்னோட்டம் நூறு ஆம்பியரை எட்டுகிறது. வீட்டுச் சுவரில் ஏசிக்கென்று வைக்கும் பிளக்கே 16 ஆம்பியருக்கானது. அவ்வளவும், வெளியுலகத்தோடு பேசும் அத்தனை சமிக்ஞைகளும், சிலிக்கானைத் துளைத்துச் செம்பு நிரப்பிய நுண்தூண்கள் வழியே போகின்றன. அந்தத் தூண்களுக்கு நடுவே 53.7 கோடி பிட்டுகள் கலையாமல் இருக்க வேண்டும். செய்து முடித்ததற்குப் பலன் கிடைத்தது. முந்தைய 7800எக்ஸ்3டியின் அடிப்படைத் துடிப்பு 4.2 கிகாஹெர்ட்ஸ், 9800எக்ஸ்3டியின் அடிப்படை 4.7, உச்சம் 5.2. வெப்ப வரம்பும் 95 டிகிரிக்கு ஏறியது.

இதனால் லாபம் யாருக்கு? முதலில் கணினி விளையாட்டு ஆடுபவர்களுக்கு. நொடிக்கு 144 படங்கள் காட்டும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 7 மில்லிநொடிக்கும் குறைவு, ஏறத்தாழ மூன்றரைக் கோடித் துடிப்புகள். அதற்குள் ஓடும் ஒவ்வொரு ஆளும், பறக்கும் ஒவ்வொரு குண்டும் எங்கே, எதில் மோதுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தரவுகள் நினைவகத்தில் ஒழுங்கான வரிசையில் இருப்பதில்லை. ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது எங்கே என்று தெரியும். ரேமுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்ணூறாயிரம் முறை போய்வந்தால் அவகாசம் முழுவதும் காலி. 96 மெகாபைட் கேஷில் அந்தத் தரவுகள் பெரும்பாலும் அடங்கிவிட்டால் ஆட்டம் தடுக்காமல் ஓடும். 2021 முன்மாதிரியில், இரு பக்கமும் ஒரே துடிப்பு வேகத்தில் வைத்து ஒப்பிட்டு, விளையாட்டுகளில் சராசரியாக 15 சதவீத முன்னேற்றம் என்றது ஏஎம்டி. கோர் மாறவில்லை, துடிப்பு கூடவில்லை, காத்திருப்பு மட்டும் குறைந்தது.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. வீடியோ சுருக்குவது, முப்பரிமாணக் காட்சியை வரைந்து முடிப்பது போன்ற வேலைகள் தரவை வரிசையாக எடுத்து மென்று முடிப்பவை. அவற்றுக்குக் கூடுதல் கேஷால் பெரிய வேறுபாடு இல்லை. கல்யாண வீடியோ தொகுப்பவர் அதிகக் கோர் உள்ள செயலியில் பணத்தைப் போடுவதே நல்லது.

இந்த அடுக்குக் கேஷ் முதலில் விளையாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்பது போன்ற பொறியியல் கணக்குகளைப் போடும் சர்வர்களுக்காகத் திட்டமிட்டது. சர்வர் செயலிக்கு எட்டுச் சில்லு வேண்டும். சோதனைத் தயாரிப்பில் ஏழு சில்லுகள் மீந்துபோக, அவற்றை மேசைக் கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் விளையாட்டில் அவை காட்டிய வேகம் தெரியவந்தது என்று ஏஎம்டி பொறியாளர்களே சொல்லியிருக்கிறார்கள். சர்வர் பக்கத்திலும் கதை நிற்கவில்லை. 2023-இன் எபிக் 9684எக்ஸ் செயலியில் மூன்றாம் படிக் கேஷ் மட்டும் 1,152 மெகாபைட்.

2025 மார்ச்சில் வந்த பதினாறு கோர் கொண்ட ரைசன் 9 9950எக்ஸ்3டியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதில் எட்டு எட்டாக இரண்டு கோர் சில்லுகள். ஒன்றின் அடியில் மட்டுமே கூடுதல் கேஷ். மற்றது கேஷில் சிறியது, ஆனால் துடிப்பில் வேகமானது, 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஒரு நிரல் கிளம்பியதும் அதை எந்தப் பக்கம் அனுப்புவது? செயலிக்கு அது தெரியாது, இயங்குதளம்தான் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸில் அதற்கென ஒரு இயக்கி மென்பொருள் இருக்கிறது. ஓடுவது விளையாட்டு என்று கண்டுகொண்டால், வேகமான பக்கத்துக் கோர்களை உறங்கவைத்து எல்லா வேலையையும் கேஷ் உள்ள பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. லினக்ஸின் 6.13 பதிப்பில் இந்த முடிவு பயனரின் கையிலேயே வந்துவிட்டது. அமைப்புக் கோப்பு ஒன்றில் 'கேஷ்' என்றோ 'ஃப்ரீக்வென்சி' என்றோ ஒரு சொல் எழுதினால் போதும், எந்தக் கோர்களுக்கு முதலில் வேலை தருவது என்ற வரிசை உடனே மாறிவிடும்.